தித்திப்பு பிடிக்காத கரப்பான்கள்

ஜலஜாவின் வீட்டுக்கு யார் போனாலும் அவள் முதலில் கேட்பது, "உங்காத்துல கரப்பான் எப்படி?" என்றுதான். உட்காருங்கள், காப்பி கலக்கட்டுமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். கல்கத்தாவில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அவள் 'கரப்பான் ஜலஜா'. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

நான் ரோஹிணி. வங்கியில் அதிகாரி. கரப்பானைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நின்று கத்துகிற ரகம். நானும் ஜலஜாவும் இங்கேதான் ஒரே கல்லூரியில் விலங்கியல் படித்தோம். செய்முறைத் தேர்வில் கரப்பானை அறுத்துக் காட்ட வேண்டும் என்றபோது நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் என் கரப்பானையும் அவளே அறுத்துக் கொடுத்தாள். பரிணாமம், இயற்கைத் தேர்வு என்று பக்கம் பக்கமாக எழுதி இருவரும் தேறினோம். எழுதினோமே தவிர, அதற்கும் நம் சமையலறைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் போன வருஷம் ஒரு நல்ல மனிதனின் பெயரைக் கெடுக்கப் பார்த்திருக்க மாட்டாள்.

கல்யாணமாகி சால்ட் லேக்குக்கு வந்த புதிதில் அவள் வீட்டுச் சமையலறை முழுக்கச் சின்னப் பழுப்புக் கரப்பான். மருந்து அடித்தால் அவள் புருஷன் மஹாதேவனுக்கு மூச்சு இழுக்கும். அதனால் போரிக் பவுடரையும் மைதாவையும் சர்க்கரைத் தண்ணீரில் பிசைந்து உருண்டை பிடித்து மூலைக்கு மூலை வைத்தாள். எல்லா வீட்டிலும் தெரிந்த வைத்தியம்தான். ஆனால் சர்க்கரை உருண்டை சீக்கிரம் காய்ந்து கல்லாகிவிடும். கல்லாய்ப் போனதைக் கரப்பான் திரும்பிக்கூடப் பார்க்காது. ஜலஜா நேரே தெருமுனை பேக்கரிக்குப் போய், உங்கள் கேக் மட்டும் எப்படி மெத்தென்றே இருக்கிறது என்று கேட்டாள். அந்தக் கடைக்காரர் ஒரு டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே குளுக்கோஸ் பாகு, தேன் மாதிரி கெட்டியாக. அதைச் சர்க்கரைக்குப் பதிலாக ஊற்றிப் பிசைந்தாள். உருண்டை மாதக்கணக்கில் இளக்கமாகவே இருந்தது. கரப்பான்கள் கூட்டம் கூட்டமாக வந்து தின்றுவிட்டுச் செத்தன.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. முதலில் மாடி வீட்டு பௌதி, அதாவது வங்காளி அண்ணி, வந்து கேட்டாள், அவளுடைய தங்கை வந்து கேட்டாள், செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்தபோது அங்கே இருந்த கேன்டீன்காரர்கள் வந்து கேட்டார்கள். வீட்டுக் கைவைத்தியம் ஒரு தொழிலாகிவிட்டது. நவராத்திரி வந்தால் இன்னும் வேடிக்கை. ஊரெல்லாம் துர்கா பூஜைப் பந்தல் பார்க்கக் கிளம்பும் நாட்களில் நாங்கள் வீடு வீடாகக் கொலுவுக்குப் போவோம். மற்ற வீடுகளில் வெற்றிலைப் பாக்கோடு கண்ணாடி, சீப்பு, பிளாஸ்டிக் கூடை கொடுப்பார்கள். ஜலஜா சுண்டலோடு ஒரு சின்ன டப்பா நிறையக் கரப்பான் உருண்டை கொடுப்பாள். டப்பா மேல் 'சாப்பிடக் கூடாது' என்று தமிழிலும் வங்காளியிலும் எழுதி ஒட்டியிருக்கும். முதல் வருஷம் சிரித்தவர்கள் அடுத்த வருஷம் வாசலிலேயே, "டப்பா உண்டில்லையா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். லேக் மார்க்கெட்டிலிருந்து சாந்த்ராகாச்சி வரை அவளுடைய உருண்டை போகாத தமிழ் வீடு இல்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

உருண்டை பிடிப்பதும் கேன்டீன் கேன்டீனாகக் கொண்டுபோய் வைப்பதும் சிவராஜின் வேலை. துறைமுகப் பக்கத்துக் கார்டன் ரீச்காரர். அவருடைய அப்பா தமிழ்நாட்டிலிருந்து ரயில்வேயில் கலாசியாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். சிவராஜுக்கு ஜலஜாவைவிட இரண்டொரு வயது குறைவாக இருக்கும். இந்த ஊர் வழக்கப்படி அவளை 'தீதி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். குளிர்பெட்டி மோட்டாருக்குப் பின்னால், கதவுக் கீலின் இடுக்கில், எங்கே கரப்பான் ஒளியும் என்று விரலாலேயே கண்டுபிடிப்பார். மருந்து வைக்கிற சமையலறையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் டப்பாவை வெளியே மரத்தடியில் உட்கார்ந்து தின்பார். "அவர் இல்லைன்னா நான் கடையை மூட வேண்டியதுதான்" என்று ஜலஜா என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் வம்பு ஆரம்பித்தது. செக்டர் ஃபைவில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகளெல்லாம் தயிர்சாதத்துக்கு வரிசையில் நிற்கிற கேன்டீன் ஒன்று உண்டு. நடத்துகிறவர் சிவராமகிருஷ்ணன் மாமா. அங்கே ஒரு பெண்ணின் தட்டில், சாம்பாரில், கரப்பான் மிதந்தது. மாமா குதித்தார். சிவராஜ் போய்ப் புது உருண்டை வைத்தார். அடுத்த வாரம் கரப்பான் இன்னும் பெருகியிருந்தது. உருண்டைகள் வைத்தது வைத்தபடி முழுசாக இருந்தன.

மாமா ஜலஜாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"நான் உன்னை ஒண்ணும் சொல்லலை ஜலஜா. உன் ஆளைத்தான் சொல்றேன். இது மருந்தா? வெறும் மைதா. போரிக் பவுடரை உருவிட்டு மாவை உருட்டி வைக்கறான். நல்ல உருண்டை எல்லாம் கார்டன் ரீச் சந்துல விலைக்குப் போறதோ என்னவோ!"

"சிவராஜ் அப்படிப்பட்டவர் இல்லை மாமா."

"அப்ப முன்னாடி செத்த கரப்பான் இப்ப ஏன் சாகலை? அதுக்கு பதில் சொல்லு."

 பதில் தெரியாத கேள்வி வந்தால் ஜலஜாவுக்குப் புத்தி தடுமாறும், கல்லூரியிலேயே பார்த்திருக்கிறேன். மறுநாள் சிவராஜ் வேலை முடித்து வீட்டுக்குக் கிளம்புகிறபோது அவள் வாசலில் நிறுத்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சிவராஜ். உங்க பையைக் கொஞ்சம் திறந்து காட்டறேளா?"

 சிவராஜ் பையை மேஜை மேல் கவிழ்த்தாராம். காலி டிபன் டப்பா, குடை, துண்டு, கையுறை. அவ்வளவுதான்.

"சட்டப் பாக்கெட்டையும் பாத்துக்கங்க தீதி."

"வேண்டாம் சிவராஜ்..."

"பரவால்ல. பாத்துக்கங்க." பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு, கேன்டீன் சாவிக் கொத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனவர்தான். திரும்பி வரவில்லை.

இதை அவள் என்னிடம் சொன்னபோது எனக்கு வாயில் நன்றாக வந்தது. "உன்னை நம்பி இத்தனை வருஷம் உழைச்ச மனுஷனை திருடன் மாதிரி சோதனை போட்டியா? வெக்கமா இல்லையாடி உனக்கு?" என்று கத்தினேன். அவள் அழுதாள். ஆனால் "அவர் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்" என்று அப்போதும் அவள் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை. அதற்குள் மாமா செக்டர் ஃபைவ் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். சிவராஜைச் சமையலறைக்குள் விட எந்தக் கேன்டீனும் தயாராக இல்லை. அவர் வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனபோதும் அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் அங்கே போய் நின்றது.

ஜலஜா தானே உருண்டை பிடித்தாள். போரிக் பவுடரைத் தராசில் நிறுத்து, தாராளமாகவே போட்டு, தன் கையாலேயே மாமாவின் சமையலறையில் வைத்தாள். கரப்பான்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்து போயின. ஒன்றுகூடச் சாகவில்லை.

"இப்பவாவது தெரியறதா? சிவராஜ் மேல தப்பில்லை" என்றேன்.

மாமா விடுவதாக இல்லை. "இத்தனை நாள் அவன் குறைச்சுக் குறைச்சுப் போட்டிருக்கான். கொஞ்சம் கொஞ்சமா தின்னு கரப்பானுக்கு விஷம் பழகிப்போச்சு. பச்சை மிளகாய் தின்னு தின்னு நமக்குக் காரம் பழகற மாதிரி" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் தட்டியது.

ஆனால் ஜலஜாவின் முகம் மாறியிருந்தது. அழுகையெல்லாம் போய், பழைய செய்முறை வகுப்பு ஜலஜா எட்டிப் பார்த்தாள். "தின்னு பழகினதுன்னா, தின்னணுமே? உருண்டை முழுசா இருக்கே மாமா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை செக்டர் ஃபைவ் காலியாகக் கிடக்கும். அன்று சாயங்காலம் கேன்டீன் ஷட்டரை இறக்கி, விளக்கை அணைத்து, நாங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்தோம். அவள் தரையில், நான் மேஜை மேல் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றியிருந்தாள். சிவப்பு வெளிச்சம் கரப்பான் கண்ணுக்கு இருட்டு மாதிரிதானாம். தரையில் மூன்று மூடிகளை வைத்தாள். ஒன்றில் அவளுடைய உருண்டை. இன்னொன்றில் மருந்தே கலக்காத வெறும் குளுக்கோஸ் பாகு. மூன்றாவதில் வேர்க்கடலையை அரைத்துப் போரிக் பவுடர் கலந்த விழுது.

கொஞ்ச நேரத்தில் அடுப்புக்குப் பின்னாலிருந்து வர ஆரம்பித்தன. எனக்கு உடம்பெல்லாம் கூசியது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு கரப்பான் உருண்டையிடம் வந்தது, மீசையை ஆட்டியது, வாயைக் கொண்டுபோய் வைத்தது. வைத்த மறுகணம் சூடு பட்ட மாதிரி பின்னால் துள்ளியது. வாயை முன்காலால் துடைத்துக்கொண்டது. இன்னொன்று வந்து அதையே செய்தது. வெறும் குளுக்கோஸ் பாகிலும் அதே கதைதான். வேர்க்கடலை விழுதை மட்டும் விஷத்தோடு சேர்த்து மொய்த்துத் தின்றன.

"மருந்தைக் கண்டு ஓடலைடி" என்றாள் ஜலஜா ரகசியக் குரலில். "தித்திப்பைக் கண்டு ஓடறது! குளுக்கோஸ் இதுக்குக் கசக்கறது போல இருக்கு. கல்கத்தாவுல இருந்துண்டு தித்திப்பு பிடிக்காத ஜீவன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரசகுல்லா ஊரில் இப்படி ஒரு பிறவியா? ஆனால் எனக்கு ஒரு காரணமும் தோன்றியது. "இதுல என்ன அதிசயம்? உருண்டை தின்னதெல்லாம் செத்ததைப் பார்த்து மத்ததுக்குப் புத்தி வந்திருக்கும். அம்மா கரப்பான் குட்டிக் கரப்பானுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும். அதைத் தொடாதேடான்னு."

"சொல்லிக் கொடுத்திருக்குமா?" அவள் யோசித்தாள். "அதையும் பாத்துடலாம்."

எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்தச் சின்னக் கரப்பான் முட்டைப் பையை வயிற்றின் நுனியில் சுமந்துகொண்டே திரியும், குஞ்சு பொரிகிற வரைக்கும் விடாது. அப்படி ஒரு தாயைப் பிடித்து, காலி ஊறுகாய் பாட்டிலில் விட்டு, உள்விளிம்பில் வாஸ்லின் தடவி, வாயை மெல்லிய துணியால் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள். சாப்பாட்டு மேஜை மேல் அதைப் பார்த்த மஹாதேவன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். "இது எவ்வளவு நாள் நம்மாத்துல இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். "பிரசவம் ஆகற வரைக்கும்" என்றாள் இவள்.

பிரசவம் ஆனது. ரவை உதிர்ந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள். அவை பழுப்பாக மாறுவதற்குள் தாயை வெளியே எடுத்துவிட்டாள். குஞ்சுகள் கேன்டீனைப் பார்த்ததில்லை, உருண்டையைப் பார்த்ததில்லை, எதுவும் செத்துப் பார்த்ததில்லை. சொல்லிக் கொடுக்க யாரும் கூட இல்லை. ஈரப் பஞ்சும் வேர்க்கடலைத் தூளும் போட்டு வளர்த்துவிட்டு, ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, என் கண் முன்னால் ஒரு பொட்டு குளுக்கோஸ் பாகை உள்ளே வைத்தாள்.

முதல் குஞ்சு வந்தது. வாயை வைத்தது. துள்ளிப் பின்வாங்கியது. இரண்டாவதும் அப்படியே. பிறந்ததிலிருந்து இனிப்பையே கண்டிராத குஞ்சுகள், ஒன்று பாக்கியில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

ஜலஜா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "யாரும் கத்துக்கலைடி. யாருக்கும் பழகவும் இல்லை. பிறக்கறச்சேயே இப்படித்தான் பிறக்கறது."

"அதெப்படி? முன்னாடி கரப்பான் எல்லாம் உன் உருண்டையை மொய்ச்சுதே?"

"எல்லாம் மொய்க்கலை. ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு அப்பவே முகத்தைத் திருப்பிண்டிருக்கும். நாம செத்ததைத்தானே பெருக்கித் தள்ளினோம்? சாகாததை யார் பார்த்தா?"

பிறகு அவள் பேசிக்கொண்டே போனாள், எனக்குக் கல்லூரியில் புரியாதது அந்த ஊறுகாய் பாட்டில் முன்னால் புரிந்தது. ஏதோ ஒரு கரப்பானின் நாக்கு பிறவியிலேயே கொஞ்சம் கோணல். மற்றவைக்கு இனிப்பது அதற்குக் கசக்கிறது. உருண்டை வராத காலத்தில் அது நஷ்டப்பட்ட பிறவிதான். எல்லாம் தித்திப்பைத் தின்று கொழுக்கும்போது அது பட்டினி கிடக்கும், குட்டியும் குறைவாகத்தான் போடும். ஆனால் உருண்டை வந்ததும் கதை தலைகீழாகிவிட்டது. தித்திப்புக்கு ஆசைப்பட்டவை எல்லாம் செத்துப்போக, கோணல் நாக்குக்காரிக்கு அடுப்படி முழுக்க ராஜ்ஜியம். அவள் போட்ட குட்டிகளுக்கும் அவள் நாக்கு. அவற்றில் தப்பித் தவறித் தித்திப்பு பிடித்தவை பிறந்தால் அடுத்த உருண்டை அவற்றைப் பார்த்துக்கொள்ளும். ஒரு தனிக் கரப்பானும் தன் வாழ்நாளில் மாறவில்லை. யார் குட்டி போட மிஞ்சினார்கள் என்பதுதான் மாறியது. தலைமுறை தலைமுறையாக அப்படி மிஞ்சி மிஞ்சி, கடைசியில் கூட்டமே வேறாகிவிட்டது. கரப்பானுக்குத் தலைமுறை என்பது சில மாசம்தானே. நாம் ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்குவதற்குள் அது எத்தனையோ தலைமுறை பார்த்துவிடும்.

"நாம கரப்பானைக் கொல்லலைடி ரோஹிணி" என்றாள் ஜலஜா. "சல்லடை போட்டுப் பொறுக்கி எடுத்திருக்கோம். எல்லா இடத்துலயும் ஒரே உருண்டை, ஒரே பாகு, இத்தனை வருஷம் மாத்தாம. என் கைப்பக்குவம்னு நான் பெருமை அடிச்சுண்டதுதான் இதுகளை உண்டாக்கினது. வேர்க்கடலையையும் மாத்தாம வெச்சா அதுக்கும் ஒண்ணு பிறந்து வரும்."

இதைப் போய் மாமாவிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். வேர்க்கடலை விழுதால் சமையலறை சுத்தமாகிவிட்டதில் அவருக்குக் கோபமும் தணிந்திருந்தது. ஆனால், "கரப்பான் கதை சரி. அவன் உருண்டையை வெளியில விக்கலைன்னு எப்படிச் சொல்றே? அதுக்கு அத்தாட்சி உண்டா?" என்று கேட்டார். ஒரு தடவை சொன்ன பழியைத் திரும்ப எடுத்துக்கொள்வது மனிதர்களுக்கு அவ்வளவு சுலபம் இல்லை.

ஜலஜாவுக்கு வேறு ஒரு குடைச்சலும் இருந்தது. தான் பொறுக்கியதால்தான் இவை இப்படி ஆயினவா, அல்லது கல்கத்தாக் கரப்பானே இப்படித்தானா? அதைத் தெரிந்துகொள்ள அவளுடைய உருண்டையைக் கண்டிராத கரப்பான் வேண்டும். என் வீட்டில் பிடித்தாள். அவை பாகைத் தள்ளின. சாந்த்ராகாச்சியில் அவள் அத்தை பெண் ஹம்சினி வீட்டுக்குப் போய்ப் பிடித்துவந்தாள். அவையும் தள்ளின. லேக் மார்க்கெட் வீடுகளிலும் அப்படியே. எப்படித் தள்ளாமல் இருக்கும்? ஒவ்வொரு வருஷமும் கொலு டப்பா எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறதே. கல்கத்தாத் தமிழர் வீட்டுக் கரப்பான் அத்தனையும் அவள் பொறுக்கி எடுத்ததுதான்.

திடீரென்று ஒரு நாள் வங்கிக்கே வந்து என் முன்னால் நின்றாள். "சிவராஜ் ஆத்துக் கரப்பான்!" என்றாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அவர் உருண்டையைக் கொண்டுபோய் அந்தச் சந்துல வித்திருந்தா, அங்க இருக்கிறதும் பாகைத் தள்ளணும். விக்கலைன்னா மொய்க்கும். மாமா கேட்ட அத்தாட்சி!"

"அத்தாட்சி கிடக்கட்டும். போனதும் முதல்ல மன்னிப்பு கேளு. அதுக்கப்புறம் கரப்பானைப் பிடி" என்றேன். தலையை ஆட்டினாள். ஆனால் டாக்ஸியில் வழி முழுக்க அவள் பேசியது கரப்பானைப் பற்றித்தான். அந்த வீட்டில் பழைய ரகம் இருந்தால் அது பொக்கிஷமாம். அதைப் பெருகவிட்டு, வருஷா வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கலாமாம்.

கார்டன் ரீச்சில் கப்பல் பட்டறைக்குப் பின்பக்கச் சந்து. சிவராஜின் மனைவி பூர்ணிமா கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள், சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து சிவராஜ் வந்தார். ஆள் இளைத்திருந்தார். ஜலஜா வாயைத் திறந்தாள். வந்தது என்ன தெரியுமா? "உங்காத்துல கரப்பான் இருக்கா?"

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். பூர்ணிமா பதில் சொன்னாள். "இருக்குதாவா? பகல்ல இது எங்க வூடு. ராத்திரியில அதுங்க வூடு."

ஜன்னல் இல்லாத சமையலறை. பகலிலேயே இருட்டு. ஜலஜா அடுப்பு மேடைக்கு அடியில் ஒரு மூடியில் வெறும் குளுக்கோஸ் பாகை வைத்துவிட்டு, செல்போனில் சிவப்புக் காகிதம் ஒட்டிப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். நாங்கள் மூவரும் வாசல்படியில் நின்றோம். ஏன் என்று சிவராஜ் கேட்கவில்லை.

ஒன்று வந்தது. மீசையை ஆட்டியது. வாயை வைத்தது. வைத்த வாயை எடுக்கவில்லை. அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் நாலைந்து, அப்புறம் மூடியே தெரியவில்லை.

"மொய்க்கறது! ரோஹிணி, மொய்க்கறதுடி!" ஜலஜா குழந்தை மாதிரி கத்தினாள். கண்ணில் தண்ணீர் வேறு. அங்கேயே நின்று மாமாவுக்குப் படத்தை அனுப்பி, போனில் கூப்பிட்டு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் விளக்கினாள்.  பிறகு, "சிவராஜை நாளைக்கு வரச் சொல்லும்மா. தப்பு என் மேலதான். சமையல்காரா எல்லாரும் இருக்கறச்சே நானே அவன்கிட்ட சொல்றேன்" என்று மாமாவின் குரல் கேட்டது.

ஜலஜா வெற்றியோடு சிவராஜ் பக்கம் திரும்பினாள். "கேட்டேளா? நிரூபிச்சாச்சு! நீங்க ஒரு உருண்டைகூட எடுத்துண்டு வந்ததில்லைன்னு இந்தக் கரப்பானே சொல்றது!"

சிவராஜ் மூடியைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். "நான் சொன்னப்ப நம்பல தீதி. கரப்பான் சொன்னா நம்புறீங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஜலஜாவின் கை அப்படியே இறங்கியது. 

"பையைத் திறக்கச் சொன்னேனே, அப்பவே நம்பியிருக்கணும்" என்றாள் ஜலஜா. "அத்தாட்சி எதுவும் இல்லாமலே நம்பியிருக்கணும். என்னோட தப்பு சிவராஜ். பெரிய தப்பு."

பூர்ணிமாதான் பேசினாள். "ஊர்ல கீற கரப்பான எல்லாம் கொன்னாரு இவரு. ஒரே ஒரு உருண்ட எடுத்தாந்து குடுய்யான்னு எத்தினி தபா கெஞ்சியிருக்கேன். அது தீதி பொருளுன்னுவாரு. சின்னவ தூங்கறப்ப காதுல ஒண்ணு பூந்து, ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கினு ஓடினோம். அப்பக்கூட கொண்டாரல."

 ஊரெல்லாம் டப்பா கொடுத்த ஜலஜா, இந்த வீட்டுப் பெண்ணை ஒரு நவராத்திரிக்கும் கூப்பிட்டதில்லை. அதனால்தான் இந்த ஒரு சமையலறையில் பழைய ரகம் மிஞ்சியிருந்தது. சிவராஜ் எடுக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி கிடைத்த அதே இடத்தில், ஜலஜா கொடுக்கவில்லை என்பதற்கும் அத்தாட்சி கிடைத்துவிட்டது. அது அவளுக்கும் புரிந்துவிட்டதை அவள் முகத்தில் பார்த்தேன். என் சிநேகிதி மேல் எனக்கு அன்று வந்த இரக்கம் அதற்கு முன் வந்ததில்லை.

அவள் மூடியைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த ஒரே பழைய கூட்டம், பத்திரமாக வைத்துப் பார்க்க ஆசைப்பட்ட கூட்டம். பிறகு கைப்பையைத் திறந்து, ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்திருந்த பழைய குளுக்கோஸ் உருண்டை டப்பாவை வெளியே எடுத்தாள். புடவையைச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். மேடைக்கு அடியில் ஒன்று, அலமாரி இடுக்கில் ஒன்று என்று தன் கையாலேயே வைக்க ஆரம்பித்தாள்.

 "அங்க வெக்காதீங்க தீதி. கொழா ஒழுவுது, கரஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு சிவராஜும் உட்கார்ந்து டப்பாவை வாங்கிக்கொண்டார். இருவரும் சேர்ந்து வைத்தார்கள்.

பூர்ணிமா கதவில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுங்களும் செத்துப்பூட்டா, அடுத்த தபா இவரு நல்லவருன்னு யாரு சாட்சி சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

ஜலஜா தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "நான் சொல்றேன்" என்றாள்.